இசைநாடகமும் பேசும்படமும் — வள்ளி திருமணம் பற்றிய ஓர் ஆய்வு

முன்னுரை

ஒரு நூல் ஓலையிலிருந்து அச்சுக்கு ஏறும்பொழுது என்னென்ன மாறுதல்களை அடைகின்றது என்பதைத் தமிழறிஞர் நன்கு ஆராய்ந்துள்ளனர். பாடவேறுபாடு, இடைச்செருகல், ஏடு பெயர்த்தெழுதுவோர் பிழை ஆகியன பற்றிப் பதிப்பாசிரியர் பலர் விரித்துரைத்துள்ளனர். ஆனால், மேடையில் பாடி நடிக்கப்பெற்ற ஒரு நாடகம் திரைப்படமாகப் பெயரும்பொழுது எது நின்றது, எது நீங்கிற்று என்னும் வினா அத்துணைக் கூர்மையோடு எழுப்பப்பெற்றதாகத் தோன்றவில்லை. நாடகமே திரைக்குத் தாய் என ஒரு சாரார் கூறுவர். திரையே நாடகத்துக்குக் கூற்றுவன் என மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு கூற்றும் ஓரளவே உண்மையாகும்.

இக்கட்டுரை வள்ளி திருமணம் என்னும் ஒரே நாடகத்தை எடுத்துக்கொண்டு, திரை அதனினின்றும் எவற்றை ஏற்றது, எதனை ஏற்க இயலவில்லை, ஏற்க இயலாத அப்பகுதி பின்னர் என்ன ஆயிற்று என்பவற்றைக் காண முயல்கின்றது. இறுதியில், இவ்வாராய்ச்சிக்குரிய சான்றுகள் இன்று வீட்டுக் கணிப்பொறியின் வழியாக நம் கைக்கு வரும்பொழுது நேரும் இடர்களும் சுருக்கமாகக் கூறப்பெறும். அவை புறம்பான செய்திகள் அல்ல. கலம் மாறினால் உள்ளிருப்பதும் மாறும் என்னும் அதே உண்மைக்கு அண்மைக்காலச் சான்றுகளே அவை.

நாடகத்தின் அமைப்பு

முருகன் வள்ளியை மணந்த செய்தி தமிழில் மிகத் தொன்மையானது. நற்றிணையும் பரிபாடலும் அதனை அறியும். கச்சியப்ப சிவாசாரியார் தம் கந்தபுராணத்தை வள்ளியம்மை திருமணப் படலத்தோடு நிறைவு செய்கின்றார். தினைப்புனம் காத்தல், புள்ளோப்புதல், தலைவன் வேட்டுவனாக வந்து வினாதல், களவு, பின் வரைவு என வரும் நிகழ்ச்சிகள் குறிஞ்சித்திணையின் துறைகளே ஆதலின், இக்கதையைத் தமிழர் தமக்கே உரியதெனக் கொண்டது இயல்பே.

இக்கதையை இன்று நாம் அறியும் இசைநாடகமாக ஆக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). பார்சி, மராத்தி நாடகக் குழுக்களின் வரவால் திரைச்சீலையும் ஆர்மோனியமும் தமிழ் மேடையில் இடம்பெற்றிருந்த காலம் அது. சுவாமிகள் அம்மேடையமைப்பை ஏற்றுக்கொண்டு, அதனுள் வெண்பா, விருத்தம், சந்தப்பாட்டு, கீர்த்தனை ஆகிய தமிழ் யாப்பு வடிவங்களை நிரப்பினார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை, பின்னாளில் புகழ்பெற்ற நடிகர் பலருக்குப் பள்ளியாயிற்று. அங்குப் பயின்ற தி. க. சண்முகம், சுவாமிகள் அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை ஒரே இரவில் எழுதியதையும், நான்கு மணி நேரம் நடிக்கத்தக்க அந்நாடகத்தில் 100க்கு மேற்பட்ட பாடல்கள் இருந்ததையும் தம் தன்வரலாற்று நூலில் குறிப்பிடுகின்றார். இசைநாடகத்தில் பாட்டு என்பது உரையாடலுக்கு இடையே வைத்த அணி அன்று. அதுவே உரையாடல் என்பது இதனால் விளங்கும்.

வள்ளி திருமணத்தின் மேடை வடிவத்தில் ஒரு சிறப்பியல்பு உண்டு. நாரதர் தினைப்புனத்துக்கு வந்து வள்ளியோடு சொல்லாடும் பகுதி அது. நடிகர் வழக்கில் அது ‘தர்க்கம்’ எனப்படும். இல்லறம் உயர்ந்ததா, துறவறம் உயர்ந்ததா? பெண்ணுக்குக் கல்வியும் காவலும் எத்தகையன? பிறவி என்பது யாது? இத்தகைய வினாக்களை நாரதர் தொடுப்பார். வள்ளி விடை இறுப்பாள். விடையிலிருந்தே மற்றொரு வினா பிறக்கும். சுவாமிகள் எழுதிய உரையும் பாட்டும் இதற்கு அடிப்படையாக அமையும். ஆயினும், அன்றிரவு நடிப்போர் தத்தம் புலமைக்கேற்பக் குறளையும் புராணத்தையும் ஊர்ச் செய்தியையும் சேர்த்து அதனை விரித்துக்கொள்வர். ‘ஸ்பெஷல் நாடகம்’ என்னும் முறையில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், நாரதர் ஆகியோர் வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே அமர்த்தப்பெற்று, ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் கூடுவர். ஆகவே ஒருநாள் நடந்த தர்க்கம் மறுநாள் நடவாது. எழுதிய நாடகம் ஒன்று; நடித்த நாடகமோ இரவுதோறும் ஒன்று.

இத்திறந்த அமைப்பின் ஆற்றலை விடுதலைப் போராட்டக் காலத்தில் தெளிவாகக் காணலாம். முருகனாக நடித்துப் புகழ்பெற்ற விசுவநாத தாஸ், புள்ளோப்பும் காட்சியில் வெண்ணிறக் கொக்கைப் பாடுவது போல அயலாட்சியைச் சாடும் பாடலைப் பாடுவார். மதுரகவி பாஸ்கரதாஸ் இயற்றிய இத்தகைய பாடல்களுக்காக அவர் பன்முறை சிறை சென்றார். 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிச் சட்டம் நடைமுறையில் இருந்ததாயினும், எந்த இரவில் எந்தப் பாட்டு எழும் என்பதை முன்கூட்டி அறிய எந்த அதிகாரியாலும் இயலவில்லை. அவர் 1940ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் இதே நாடகத்தில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே உயிர்நீத்தார். புராண நாடகம் என்று எளிதாக ஒதுக்கத்தக்கதன்று இவ்வடிவம் என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும்.

திரைக்குப் பெயர்தல்

தமிழ் ஒலித்த முதற் பேசும்படமாகிய காளிதாஸ் 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் வெளிவந்தது. அதில் நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினர். கதைக்குத் தொடர்பில்லாத தியாகராச கீர்த்தனைகளும் தேசியப் பாடல்களும் அதில் இடம்பெற்றன. இதனைக் குறை என்று இன்று கூறுவோர், அன்றைய மேடையில் இராசபார்ட் நடிகர் அவையோர் விரும்பிய கீர்த்தனையைக் கதைக்கு நடுவே பாடுவது வழக்காக இருந்ததை நினைத்தல் வேண்டும். திரை அவ்வழக்கை அவ்வாறே ஏற்றது.

1933ஆம் ஆண்டில் வள்ளி திருமணம் படமாயிற்று. 1905 முதல் ஊர்தோறும் சென்று சலனப்படம் காட்டிவந்த கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட், கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்தோடு இணைந்து இதனைத் தயாரித்தார். வள்ளியாக நடித்தவர் மேடைப்பயிற்சி மிக்க டி. பி. ராஜலட்சுமியே ஆவர். அடுத்த ஆண்டில் சுவாமிகளின் மற்றொரு நாடகமாகிய பவளக்கொடி, கே. சுப்பிரமணியம் இயக்கத்தில் படமாயிற்று. மேடையில் அதனை நடித்துவந்த எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் திரையிலும் நடித்தனர். அப்படத்தில் ஏறத்தாழ 50 பாடல்கள் இருந்தன.

இத்தொடக்கக் காலப் படங்களில் மேடையின் மூன்று இயல்புகள் நின்றன. முதலாவது, பாடுவோரே நடித்தனர். பாட்டு, நடிப்பின்போதே பதிவாயிற்று. ஆர்மோனியமும் தபலாவும் படக்கருவியின் கண்ணுக்குப் படாத இடத்தில் இருந்து உடன் ஒலித்தன. இரண்டாவது, பாட்டின் தொகை மேடையை ஒட்டியே இருந்தது. மூன்றாவது, படக்கருவி பெரும்பாலும் அவையோர் அமரும் இடத்திலேயே அசையாது நின்றது. ஆகவே முதற் படங்கள் நாடகத்தின் மொழிபெயர்ப்பு அல்ல. படியெடுப்பு என்றே கூறலாம்.

ஆயினும், அப்படியெடுப்பிலும் ஓர் இழப்பு இருந்தது. அதனைக் காட்டக் கணக்கு ஒன்று போதும். 35 மில்லிமீட்டர்ப் பேசும்பட நாடா நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓடும். இரவு 10 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 5 மணிக்கு முடியும் நாடகத்தை உள்ளவாறே படமாக்க 37,800 அடி நாடா வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாடாத் தட்டுப்பாட்டால் அரசு விதித்த உச்ச அளவோ 11,000 அடி; அஃதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே மிகுதி. எனவே ஐந்து மணி நேர நாடகம் எங்கேனும் உதிர்ந்தே ஆகவேண்டும். எதனை உதிர்ப்பது? கதையை நகர்த்தாத பகுதியையே எவரும் உதிர்ப்பர். வள்ளி திருமணத்தில் கதையை நகர்த்தாத பெரும்பகுதி தர்க்கமே ஆகும்.

குரலும் உடலும் பிரிந்தமை

காலத்தின் அளவு சுருங்கியது முதல் மாறுதல். குரல் உடலினின்றும் பிரிந்தது இரண்டாம் மாறுதல். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த நந்தகுமார் என்னும் படத்தில், நடிப்பவர் ஒருவராகவும் பாடுபவர் பிறரொருவராகவும் அமைந்த பாடல் இடம்பெற்றது. தமிழில் பின்னணிப் பாடலுக்குத் தொடக்கமாக இப்படமே கூறப்படுகின்றது.

இம்முறை வள்ளி கதையையும் தொட்டது. ஏ. வி. மெய்யப்பன் 1945ஆம் ஆண்டில் ஸ்ரீ வள்ளி என்னும் படத்தை வெளியிட்டார். முருகனாக நடித்த டி. ஆர். மகாலிங்கம் சிறுவயதிலேயே மேடையேறியவர். தம் பாடல்களைத் தாமே பாடினார். வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியின் பாடல்கள் போதிய சிறப்புப் பெறவில்லை எனக் கருதிய மெய்யப்பன், பி. ஏ. பெரியநாயகியைப் பாடச்செய்து, அக்குரலை நாயகியின் இதழசைவுக்குப் பொருத்தினார். படம் பெருவெற்றி பெற்றது.

மேடையிலாயின் இது நடக்கக்கூடியதா? எஸ். ஜி. கிட்டப்பாவையும் கே. பி. சுந்தராம்பாளையும் காண வந்தோர், ஒருவர் எட்டிய உச்சத்தை மற்றவர் எட்டுகின்றாரா என்று பார்க்கவே விடியும்வரை விழித்திருந்தனர். வள்ளியின் சொல்லும் சுந்தராம்பாளின் மூச்சும் வேறல்ல. தோற்கவும் கூடும் என்ற நிலையில் நின்று ஒருவர் பாடுவதே மேடைப்பாட்டின் சுவை. 1945ஆம் ஆண்டின் திரைவள்ளியோ ஒருநாளும் தோற்கமாட்டாள். பிழை நேர்ந்தால் குரலையே மாற்றிவிடலாம். பாட்டு செம்மையுற்றது என்பதை மறுத்தல் கூடாது. ஆனால் பாட்டுக்குள் இருந்த போட்டி மறைந்தது என்பதையும் மறத்தல் கூடாது.

கிட்டப்பா 1933ஆம் ஆண்டு டிசம்பரில், தம் 27ஆம் அகவையில் மறைந்தார். வள்ளி திருமணம் முதன்முதல் திரையேறிய அதே ஆண்டு அது. அவர் எப்படத்திலும் நடித்திலர். சுந்தராம்பாள் 1935ஆம் ஆண்டில் நந்தனார் படத்தில் ஆண்வேடத்தில் தோன்றினார். பின்னர் மணிமேகலை, ஔவையார் ஆகிய துறவுக்கோலங்களே திரையில் அவருக்கு உரியவாயின. கிட்டப்பாவின் கலையில் நமக்கு எஞ்சியவை இசைத்தட்டுகளே. ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாக மட்டுமே கொள்ளும் தட்டு, அரைமணி நேரம் நீளும் பாட்டின் நிழலையே காட்டும்.

1961ஆம் ஆண்டில் டி. ஆர். ராமண்ணா மீண்டும் ஸ்ரீ வள்ளியை வண்ணப்படமாக எடுத்தார். சிவாஜி கணேசன் முருகனாகவும் பத்மினி வள்ளியாகவும் நடித்தனர். 1945இல் முருகனாக வந்த மகாலிங்கம் இதில் நாரதராக வந்தார். திரைக்கலையின் வளர்ச்சியை 1933, 1945, 1961 என்னும் இம்மூன்று படிகளிலும் காணலாம். ஆனால், மேடையில் வள்ளியை நேருக்குநேர் வினாவி ஓர் இரவின் பெரும்பகுதியைத் தமதாக்கிக்கொண்ட நாரதர், திரையில் கதையை இணைக்கும் துணைப்பாத்திரமாகவே நின்றுவிட்டார்.

ஏற்க இயலாதது எது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். கதையைத் திரை ஏற்றது, பாட்டைக் குறைத்து ஏற்றது, நடிகரை ஏற்றது, காட்சியழகை மேடையினும் பன்மடங்கு பெருக்கியது. முருகன் மறைவதும் மயில் பறப்பதும் வேங்கைமரம் ஆவதும் மேடைக்கு அரியன, திரைக்கு எளியன. ஆனால் தர்க்கத்தை அதனால் ஏற்க முடியவில்லை. அதற்கு நீளம் மட்டும் காரணமன்று. தர்க்கம் என்பது அவையோர் முகம் பார்த்து வளர்வது. நாரதர் கூறிய சொல்லுக்கு அவை நகைத்தால் வள்ளியின் மறுமொழி ஒருவகையாகும். அவை வாளா இருந்தால் வேறுவகையாகும். பதிவான பின் மாறாத கலையில் இதற்கு இடமில்லை. மேலும், திரைப்படம் வெளியிடப்படுமுன்பே தணிக்கைக்கு உட்படுவது. விசுவநாத தாஸ் தினைப்புனத்தில் எழுப்பிய கொக்குக்கு அங்கே சிறகு முளைக்க வழியில்லை.

இனி, அப்பகுதி என்ன ஆயிற்று என்று காண்போம். பேசும்படம் பரவியபின் நாடகக் கம்பெனிகள் தளர்ந்தன. அரங்குகள் பல படக்கொட்டகைகள் ஆயின. நடிகரும் பாடகரும் திரையை நாடினர். கம்பெனி முறை காலப்போக்கில் மறைந்தது. ஆயின், ஸ்பெஷல் நாடகம் மறையவில்லை. மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கை வட்டாரங்களில் கோயில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் இன்றும் விடியவிடிய நடிக்கப்படுகின்றது. அங்கே மக்கள் கதையறியக் கூடுவதில்லை. கதையை அனைவரும் அறிவர். இன்று வரும் நாரதர் யார், வள்ளி யார், தர்க்கத்தில் வெல்வது யார் என்பதற்காகவே கூடுகின்றனர். திரையால் எடுத்துச்செல்லக்கூடிய அனைத்தையும் திரை எடுத்துச்சென்றது. எடுத்துச்செல்ல இயலாமல் விட்டுச்சென்ற பகுதியே மேடையைக் காத்தது. இதுவே இவ்வாராய்ச்சியின் முடிபாகும்.

இதற்கு ஒரு தடை எழலாம். ஸ்பெஷல் நாடகம் நிலைத்தமைக்குப் பொருளியலே காரணம் என்று கூறலாம். கம்பெனிக்கு நடிகர் பலரை ஆண்டுமுழுதும் உணவும் உடையும் அளித்துக் காக்கவேண்டிய பொறுப்பு உண்டு. ஸ்பெஷல் நாடகத்துக்கோ ஓர் இரவின் ஊதியம் போதும். கோயில் விழாவின் ஆதரவும் அதற்கு உண்டு. இத்தடை பெரிதும் ஏற்கத்தக்கதே. ஆனால், நாடகம் பிழைத்ததற்கு இது காரணமாகலாமேயன்றி, சுவாமிகளின் நாடகங்கள் பலவற்றுள்ளும் வள்ளி திருமணம் முதலிடம் பெற்றமைக்குக் காரணமாகாது. அவ்வேற்றத்துக்குத் தர்க்கமே ஏதுவாதல் வேண்டும்.

சான்றுகளும் வீட்டுக் கணிப்பொறியும்

இம்முடிபைத் தக்க சான்றுகளால் நிறுவ முயலும் ஆய்வாளர்க்குப் புதியதோர் இடர் உண்டு. காளிதாஸ் உள்ளிட்ட தொடக்கக் காலப் படங்கள் பலவற்றின் படிகள் இன்று கிடைப்பதில்லை. எஞ்சியவை, படக்கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் சில நிழற்படங்களுமே. இவை இப்பொழுது மின்வடிவாக மாற்றப்பெற்று, மாணவரும் ஆசிரியரும் தத்தம் வீட்டில் இருந்தே காணத்தக்கனவாகியுள்ளன. இது பெரும்பேறு, ஐயமில்லை. ஆனால் வீட்டுக் கணிப்பொறியைத் திறந்து அமர்ந்த எவரும் இப்பேற்றின் மறுபக்கத்தையும் அறிவர்.

பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றின் தட்டச்சுப்படி அண்மையில் எமக்குக் கிடைத்தது. கோப்பைத் திறந்தபொழுது திரை முழுதும் பொருளற்ற அயல்மொழிக் குறிகள் நிரம்பின. காரணம் எளியது. ஒருங்குறி பரவுமுன் எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் தமிழெழுத்துகளைத் தாம் விரும்பிய எண்ணிடங்களில் வைத்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணிப்பொறிக்கு அக்கோப்பு வெறுங்குறியே. இக்குழப்பம் தீர 1999ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாட்டில் பொதுக் குறியீடுகள் வகுக்கப்பெற்றன. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்றது. எனினும் அதற்கு முன் தட்டெழுதியவை தாமாக மாறிவிடுவதில்லை. மாற்றுச்செயலி ஒன்றைத் தேடிப் பொருத்தினோம். எழுத்துகள் தமிழாயின; ஆனால் கிரந்த எழுத்துகள் சிதைந்தன; வரிகள் ஒன்றோடொன்று கலந்து, பல்லவி எங்கு முடிந்தது, சரணம் எங்குத் தொடங்கிற்று என்பது தெரியாமற் போயிற்று. திருத்திக்கொண்டிருந்த வேளையில் கணிப்பொறி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள எண்ணித் தானே நின்று மீண்டும் தொடங்கியது. அரைநாள் உழைப்பு மறைந்தது. இத்தகைய எரிச்சலை அறியாத ஆய்வு மாணவர் இன்று இலர்.

அச்சுப்பக்கங்களின் படத்தினின்றும் எழுத்தைத் தானே படித்தறியும் செயலிகளும் உள. அவை 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய ணகர, றகர, னகர ஆகார வடிவங்களையும் லை, ளை முதலியவற்றின் பழைய வடிவங்களையும் கண்டு தடுமாறுகின்றன. 1930களின் பாட்டுப் புத்தகம் முழுதும் அவ்வெழுத்துகளே. ஏடு பெயர்த்தெழுதுவோரின் பிழையைப் போல இதுவும் ஒருவகைப் பாடவேறுபாட்டைத் தோற்றுவிக்கும். இன்று நாம் எச்சரிக்கையாக இராவிடில், நாளை ஒருவர் அப்பிழையைச் சங்கரதாஸ் சுவாமிகளின் சொல்லாட்சி என்று ஆராய்வார்.

ஒலிச்சான்றிலும் இவ்விடர் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று வீதம் சுழலவேண்டிய தட்டினை நூற்றுக்கு 6 பங்கு விரைவாகச் சுழற்றிப் படியெடுத்தால், பாடகரின் குரல் ஏறக்குறைய அரைக் கட்டை உயரும். அப்படியை வீட்டில் கேட்டுக் கிட்டப்பாவின் சுருதி இன்னது என்று துணிபவர், கிட்டப்பாவை அல்ல, படியெடுத்த பொறியையே அளந்தவர் ஆவர்.

முடிவுரை

மேடை, திரை, இசைத்தட்டு, பாட்டுப் புத்தகம், கணிப்பொறி ஆகிய ஒவ்வொன்றும் வள்ளி திருமணத்தைத் தன் அளவுக்கேற்பவே ஏற்றது. எதனையும் குறைகூறல் நம் நோக்கமன்று. திரை இலதேல் இந்நாடகத்தின் புகழ் இத்துணைப் பரந்திராது. கணிப்பொறி இலதேல் இக்கட்டுரைக்குரிய சான்றுகளைத் தொகுத்தல் அரிதாகியிருக்கும். ஆயினும், ஒரு கலத்தில் கிடைப்பதையே முழுமை எனக் கொள்ளுதல் ஆராய்ச்சிக்குப் பெருங்கேடு. அச்சு நூலைக் கொண்டு நாடகத்தையும், படத்தைக் கொண்டு மேடையையும், மின்கோப்பைக் கொண்டு அச்சு நூலையும் மதிப்பிடும்பொழுது, ஒவ்வொரு படியிலும் உதிர்ந்தது யாது என்று வினாதல் வேண்டும்.

தர்க்கம் எந்த நூலிலும் முழுமையாக இல்லை, எப்படத்திலும் இல்லை. அது நாரதராகவும் வள்ளியாகவும் இன்று நடித்துவரும் கலைஞரின் நினைவில் இருக்கின்றது. அவர்களுள் மூத்தோர் பலரிடம் கேட்டறிய இன்னும் நெடுங்காலம் இல்லை. ஆகவே, இத்துறையில் புகும் முதுகலை மாணவர், நூலகத்துக்கும் கணிப்பொறிக்கும் செல்வதோடு அமையாது, திருவிழா நடக்கும் சிற்றூருக்கும் ஓர் இரவு செல்லல் வேண்டும்; ஒரே நாடகத்தின் தர்க்கத்தைப் பல இரவுகளில், பல கலைஞர் வாயிலாகக் கேட்டுப் பதிந்து ஒப்புநோக்கல் வேண்டும். ஓலைச்சுவடி தேடி ஊர்தோறும் நடந்த முன்னோரின் பணியில் எஞ்சியிருக்கும் பகுதி இது.